பொதியப்பன் மாடு விற்ற கதை

ஜனவரி 5, திங்கள்

என் பெயர் சென்னியப்பன். இதை நானே எழுதினேன்.

இன்னொரு முறை எழுதிப் பார்க்கிறேன். சென்னியப்பன். இரண்டாவதில் நடு எழுத்து கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. மேடேறும் வண்டி மாதிரி இருக்கிறது, பரவாயில்லை.

வயது எழுபத்து நான்கு. ஊர் பொள்ளாச்சிக்கு மேற்கே. தொழில் மாட்டுத் தரகு. போன வருடம் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு வைத்தார்கள். சும்மா வேடிக்கை பார்க்கப் போனேன். படித்துவிட்டு வெளியே வந்தேன். தினமும் எழுதாவிட்டால் கை மறந்துவிடும் என்று டீச்சர் சொன்னார். அதனால் இந்த நோட்டு.

எனக்கு இன்னொரு தொழிலும் உண்டு. கோயம்புத்தூரில் ‘கணவாய்’ என்ற கம்ப்யூட்டர் விளையாட்டைச் செய்கிறார்கள். ஆடுபவர் வழிப்போக்கனாக மலை மலையாகத் தாண்டிப் போக வேண்டும். வழியில் யாரிடம் எப்படிப் பேசுகிறாரோ அதற்குத் தக்கபடி கதை மாறும். ஆறு பாகம் வந்துவிட்டது. ஆறிலும் பொதியப்பன் என்று ஒரு வியாபாரி உண்டு. பொதிமாட்டோடு ஒவ்வொரு கணவாயிலும் நின்றுகொண்டு, கயிறு, கத்தி, மருந்து எல்லாம் விற்பான். பேரம் பேசாமல் எதையும் தரமாட்டான். அந்தப் பொதியப்பனின் குரல் நான்தான்.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால் மாட்டுச் சத்தம் பதிவு செய்ய எங்கள் சந்தைக்கு வந்தார்கள். மாடு கத்தும்போதெல்லாம் பின்னால் நான் கத்திக்கொண்டிருந்தேன். கடைசியில் மாட்டை விட்டுவிட்டு என்னைக் கூட்டிப் போனார்கள்.

இன்று சாருலதா போனில் கூப்பிட்டாள். ஏழாம் பாகம் தொடங்கிவிட்டதாம். நான் படிக்கக் கற்றுக்கொண்டதை அவளிடம் சொல்லவில்லை. நேரில் காட்டப் போகிறேன்.

ஜனவரி 7, புதன்

பஸ்ஸின் நெற்றியில் ‘உக்கடம்’ என்று எழுதியிருந்தது. படித்துவிட்டு ஏறினேன். கண்டக்டரிடமும் சொன்னேன்.

“இது உக்கடம் போற வண்டின்னு பொறந்த கொழந்தைக்கும் தெரியுமுங்க” என்றார்.

“தெரியறது வேற, படிக்கறது வேற” என்றேன். சில்லறை கொடுக்காமல் முறைத்தார்.

ஸ்டுடியோ பீளமேட்டில் மூன்றாவது மாடி. விளையாட்டை விற்கும் பெரிய கம்பெனி பெங்களூரில் இருக்கிறது. இந்த இடம் அவர்களுடைய சொந்த இடம். வேறு யாருக்கும் இங்கே வேலை செய்வதில்லை. பதினெட்டு வருடமாக ‘கணவாய்’ மட்டும்தான். கண்ணாடிச் சுவர் முழுக்க மஞ்சள், பச்சைத் துண்டுச் சீட்டு. ஒரு பையன் காலையிலிருந்து ஒரே பாலத்தில் நடந்துகொண்டிருந்தான். எங்கேயாவது பலகைக்குள் கால் போய்விடுகிறதா என்று பார்க்கிறானாம். அது அவனுக்குச் சம்பள வேலை.

சாருலதாதான் எங்களுக்கெல்லாம் பேச்சு எழுதுகிறவள். தாராபுரத்துப் பிள்ளை. முதல் பாகத்தின்போது தலைமுடியைப் பின்னிக் கட்டியிருப்பாள். இப்போது பாதி நரை. எனக்குப் படிக்கத் தெரியாது என்பதால் முதல் நாளிலிருந்து எங்களுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. நான் மைக் முன்னால் உட்காருவேன், அவள் எதிரே. சந்தையில் தரகர்கள் விலை பேசும்போது செய்வது போல இரண்டு பேர் கைக்கும் மேலே துண்டைப் போட்டுக்கொள்வோம். வாங்குகிறவன் பேச்சை அவள் பேசி, என் பேச்சைக் காதோரம் சொல்லுவாள். நான் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு திருப்பிச் சொல்லுவேன்.

இன்றைக்கும் நாற்காலியை இழுத்துப் போட்டு, “துண்டப் போடுங்க அப்பாருங்க” என்றாள்.

“அம்முணி, நீ அக்கட்டால உக்காரு. அந்தக் காயிதத்தக் குடு” என்றேன்.

துண்டை மடித்து ஓரமாக வைத்தேன். காகிதம் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். படித்தேன். ஒரு எழுத்தையும் விடாமல் முழுப் பக்கம் படித்தேன்.

வெளியே இருந்தவர்களெல்லாம் ஓடி வந்து கை தட்டினார்கள். பாலத்துப் பையன்கூட வந்தான். சாருலதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒலிப்பதிவு செய்யும் பெனடிக்ட் நாகர்கோவில்காரன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான்.

“தாத்தா, நல்லாருக்கு. இன்னும் ஒருக்கா எடுப்போமா?”

எடுத்தோம். பிறகு இன்னும் ஒருக்கா. அப்புறமும் இன்னும் ஒருக்கா. மதியச் சாப்பாடு வரை ஒரே பக்கத்தை எடுத்தார்கள். அவ்வளவு ஆசை அவர்களுக்கு.

ஜனவரி 8, வியாழன்

இன்று படித்தவை: சோப்பு உறை, புண்ணாக்கு மூட்டை, கரண்ட் கம்பத்தில் ஒட்டிய மூலநோய் விளம்பரம், பேத்தி கல்யாணப் பத்திரிகை. பத்திரிகையில் என் பெயரைச் சின்னதாகத்தான் போட்டிருக்கிறார்கள். நான்கு வருடமாக இது எனக்குத் தெரியாது.

வீட்டில், “மூட்டையில என்ன எழுதிருந்தாலும் எருமை திங்கும். கொண்டுபோயி வையுங்க” என்றாள். வீட்டில் என்றால் என் சம்சாரம்.

வைத்துவிட்டு வந்ததும், “என்ற பேர எழுதிக் காட்டுங்க பாக்கலாம்” என்றாள்.

“அது பெரிய பேரு. அப்புறம் எழுதறேன்” என்றேன்.

எனக்கு எழுத வரும். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து ‘ஏ புள்ளே’ என்றுதான் கூப்பிட்டுப் பழக்கம். ஆள் பக்கத்தில் நிற்கும்போது பெயரை எழுத ஒரு மாதிரி இருக்கிறது.

ஜனவரி 12, திங்கள்

மறுபடி ஸ்டுடியோ. போன தடவை எடுத்த அதே பக்கம்.

சாருலதா மெதுவாக, “அப்பாருங்க, இன்னைக்கு ஒரு மாத்தத்துக்குப் பழைய மாதிரியே நான் சொல்லட்டுங்ளா?” என்றாள்.

“உனக்கெதுக்கு அம்முணி அந்தச் செரமம்?” என்றேன். நான் படிக்கத் தொடங்கியதும் அவள் வேலை குறைந்துவிட்டது. வருத்தம் இருக்கத்தான் செய்யும்.

மதியம் நரேன் வந்தார். பெங்களூர் பெரிய ஆபீஸில் ஏழாம் பாகத்துக்குப் பொறுப்பானவர். சென்னைக்காரர், நாற்பது வயது இருக்கும், செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வரும் நல்ல மனிதர். காலேஜ் படிக்கும்போது முதல் பாகம் ஆடினவராம்.

“ஐயா, உங்ககிட்ட ஒண்ணு போட்டுக் காட்டணும்” என்றார்.

பெட்டியிலிருந்து என் குரல் வந்தது. “வாப்பா முத்துக்குமரா, களச்சுப்போயி வந்திருக்கே.” நான் எந்த முத்துக்குமரனையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் வேறொரு பெயரை அடித்தார். அதையும் கூப்பிட்டது. ஆறு பாகத்தில் நான் பேசியதையெல்லாம் கேட்டு மெஷின் கற்றுக்கொண்டதாம்.

“புதுப் பாகத்துல ஆடுறவங்க பேரைச் சொல்லி பொதியப்பன் கூப்பிடணும். லட்சம் பேர் ஆடுவாங்க. லட்சம் பேரையும் உங்களைச் சொல்ல வைக்க முடியாதுல்ல?”

நியாயம்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் அ, ஆ கற்றுக்கொண்டிருந்தபோது இது என்னைக் கற்றுக்கொண்டிருந்திருக்கிறது. நானும் மாணவன், அதுவும் மாணவன்.

“இன்னும் போடுங்க தம்பி” என்றேன். பழைய பாகத்திலிருந்து ஒன்று வந்தது. “வெல சொல்றது என்ற வேல, கொறைக்கறது உங்க வேல.” அதைக் கேட்டால் சின்னப் பிள்ளைகள்கூட பொதியப்பன் என்று சொல்லிவிடும். பிறகு, ஏழாம் பாகத்து வரி ஒன்று இரண்டு விதமாக வந்தது. முதலில் வந்தது நன்றாக இருந்தது. இரண்டாவது, மளிகைச் சீட்டைப் படித்துக் காட்டுவது போல ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தது.

“மொதல்ல வந்தது நானு. ரெண்டாவதுதான் மெசினு. உசுரே இல்ல பாருங்க. அதக் கழிச்சுப் போடுங்க” என்றேன்.

 பெனடிக்ட் ஹெட்போனைக் கழற்றி அதன் வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தான். சாருலதா தரையைப் பார்த்தாள்.

“அப்பாருங்க, ரெண்டாவதுதான் நீங்க” என்றாள்.

வரும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. எந்தப் பலகையையும் படிக்கவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

இன்று எழுதவில்லை.

ஜனவரி 16, வெள்ளி

பட்டிப் பொங்கல். எருமைக்கும் கன்றுக்கும் கொம்பில் வண்ணம் பூசினேன். கன்றுக்குக் கொம்பு இன்னும் முளைக்காததால் நெற்றியில் பூசினேன். வீட்டில் அதற்கும் ஒரு சிரிப்பு.

சாருலதாவைப் போனில் கூப்பிட்டேன். “சுத்தி வளைக்காதே அம்முணி. நெலவரம் என்ன, சொல்லு” என்றேன்.

சொல்லிவிட்டாள். ஏழாம் பாகத்தில் பொதியப்பன் தன் சாம்பல் நிற மயிலை மாட்டை விற்கிறான். கடைசிக் கணவாய்க்கு வழி தெரிந்தது அந்த மாடு மட்டும்தான். அதனால் ஆடுபவர் அதை வாங்கியே ஆக வேண்டும். மொத்தக் கதையும் அந்த ஒரு காட்சியில் நிற்கிறது. இந்த மாதக் கடைசியில் நரேன் வருகிறார். அதற்குள் அந்தக் காட்சி சரியாக அமையாவிட்டால் பொதியப்பன் முழுவதையும் மெஷினே பேசிவிடும். எட்டாம் பாகத்துக்கும் அப்படியே.

“நான் உங்களைக் காகிதத்தை வெச்சுருங்கன்னு சொல்லிருக்கோணுமுங்க. அத்தன சந்தோசமா படிச்சீங்க, எனக்கு வாய் வரலீங்க” என்றாள்.

“பதினெட்டு வருசம் என்ற காதுல பேசுன வாயி. இதுக்கு வல்லியா?” என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அடுத்த வாரமே மாடு விற்கும் காட்சியை முழுதாக, பெரிய எழுத்தில் அனுப்பச் சொன்னேன்.

போனை வைத்ததும் வீட்டில், “எல்லாமே கேட்டுட்டுத்தான் இருந்தேன்” என்றாள். “நீங்க எப்பவாச்சும் காயிதத்துக்கு மாடு வித்திருக்கறீங்களா? மனுசனுக்குத்தான வித்திருக்கறீங்க?”

கன்றின் நெற்றிக்கு இன்னொரு பூச்சு பூசினேன்.

ஜனவரி 22, வியாழன்

சந்தைக்குப் போனேன். நல்ல கூட்டம். கேரளத்து லாரிகள் ரோடு வரை நின்றன. ஒரு காங்கயம் காளைக்கு இரண்டு தரகர்கள் துண்டுக்கு அடியில் பேசிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் மற்றவர் காதில் விலை விழக்கூடாது என்பதற்காகத் துண்டு. விரல்தான் கணக்கு. எங்கள் சந்தையில் நீட்டிய விரல் முழுசு, மடக்கிய விரல் பாதி. வாய் என்னென்னவோ பேசும். மாட்டின் சுழியைத் திட்டும், வாலைப் புகழும், வீட்டில் கல்யாணம் என்று அழும். உள்ளே விரல்கள் மட்டும் நிஜம் பேசும்.

ஒருவர் திடீரென்று வாயை மூடிவிட்டார். எதிராளி விரலை எடுக்கப் பார்த்திருக்க வேண்டும். அந்த நொடியில் அவர் குரலே மாறியது. “சரி, போ” என்றார். இரண்டே சொல். அந்த ‘போ’வில், வா என்று இருந்தது.

நின்ற இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. என் வாய்க்கு என்ன பேச வேண்டும் என்று சொல்வது கை. எதிராளியின் விரல் இறுகினால் என் குரல் இறங்கும், அது நழுவினால் ஏறும். சாருலதாவின் விரலைப் பிடித்துத்தான் ஆறு பாகமும் பேசினேன். ஏழாம் பாகத்தில் அந்தக் கையில் காகிதம் இருந்தது. காகிதம் இறுகவும் இறுகாது, நழுவவும் நழுவாது.

படிப்பு என்னைக் கெடுத்துவிட்டதோ என்று பத்து நாளாக உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. இப்போது எழுதிவிடலாம். படிப்பின் மேல் குற்றமில்லை. கைதான் காலியாக இருக்க வேண்டும்.

சந்தோஷத்தில் ஒரு ஆட்டுக் கயிறு வாங்கிவிட்டேன். எங்களிடம் ஆடு இல்லை.

ஜனவரி 24, சனி

காட்சி வந்துவிட்டது. நீளமாக இருக்கிறது. எடுத்துப் படித்தேன். வாங்குகிறவன் என்னென்ன பேசுவான் என்பதையும் சேர்த்து முழுக் காட்சியைப் படிப்பது இதுதான் முதல் தடவை. இதுவரை வரி வரியாகக் காதில் விழுந்ததைச் சொன்னேன். பொதியப்பன் எங்கே தொடங்கி எங்கே போய்ச் சேர்கிறான் என்று எனக்கே தெரியாது. பாவம், இந்தக் காட்சியில் அவன் மாட்டை விற்கவே விரும்பவில்லை. வாங்குகிறவன் வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டானா என்று கடைசி வரை பார்க்கிறான்.

சாருலதாவிடம் சொன்னேன்.  “காதுல சொல்லி உங்களுக்கு மனசுல நிக்கோணுமேன்னு பொதியப்பனுக்கு எப்பவும் குட்டி குட்டியாத்தானுங்க எழுதுவேன். இந்த ஒரு தடவதான் நீளமா எழுதிப் பாத்தேன்” என்றாள்.

முழுவதையும் மனப்பாடம் செய்யப் போகிறேன். படிக்கத் தெரிந்தவனால்தான் அது முடியும்.

ஜனவரி 26, திங்கள்

முதல் பக்கம் ஆயிற்று. எருமைக்குச் சொல்லிக் காட்டினேன். கேட்டது.

ஜனவரி 27, செவ்வாய்

எருமை போதாது. வாங்குகிற ஆள் வேண்டும். சம்சாரத்தை எதிரே உட்கார வைத்துத் துண்டைப் போட்டேன். அவள் கையைப் பிடிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. பகல் வேறு.

“சீக்கிரம் சொல்லுங்க, அடுப்புல பருப்பு கெடக்குது” என்றாள்.

“இது மயிலை மாடு. மேகம் எறங்குனாலும் வழி தப்பாது. எத்தன குடுப்பே?”

“எனக்கு வேண்டாம்.”

“அட, மாட்டப் பாக்காமலே வேண்டாங்கறே?”

“மலைக்கு எவ போறா? ரேசன் கடைக்கு வழி தெரியுமான்னு கேளுங்க, வாங்கறேன்.”

“ஏ புள்ளே, அதுல இருக்கறத மட்டும் பேசு.”

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. எனக்குத் தெரிஞ்சதத்தான் பேசுவேன்.”

பருப்பு தீய்ந்துவிட்டது. ஆனால் இவளுக்கு விற்க முடிந்தால் உலகத்தில் எவனுக்கும் விற்கலாம். நாளைக்கும் உட்காருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அவளாகவேதான் சொன்னாள்.

ஜனவரி 29, வியாழன்

முழுதும் ஆயிற்று. நான் எங்காவது மறந்து நின்றால், கேட்டுக் கேட்டே பழகிவிட்ட அவள் எடுத்துக் கொடுக்கிறாள். விலை மட்டும் இன்னும் படியவில்லை.

ஜனவரி 30, வெள்ளி

பொறுமையாக எழுதுகிறேன். கை வலித்தாலும் இதை விடக்கூடாது.

ஸ்டுடியோவுக்குப் போனேன். நரேன் வந்திருந்தார். சாருலதா பழைய நாற்காலியைப் போட்டு, “வாங்க, துண்டு” என்று கையை நீட்டினாள்.

“நீ வேண்டாம் அம்முணி. எழுதினவ நீ. நான் எங்க மசிவேன்னு உனக்குத் தெரியும். உன்ற வெரலும் அதுக்கு முன்னாலயே மசிஞ்சுரும்” என்றேன். அவளுக்குக் கோபம் வரவில்லை, சிரித்தாள்.

நரேனைப் பார்த்து, “தம்பி, நீங்க வாங்க. இன்னைக்கு வாங்கறவரு நீங்கதான?” என்றேன்.

“நானா? எனக்கு நடிக்கல்லாம் வராதுங்க ஐயா.”

“நடிக்க வேண்டாம். கையிலிருக்கற சீட்டப் பாத்து வாங்கறவன் பேச்சப் படிங்க. எதச் சொல்றதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. மாடு வேணும்னா வெரலப் புடிங்க, வேண்டாம்னா விடுங்க.”

முழுசும் பாதியும் சொல்லிக் கொடுத்தேன். அஞ்சு விரல்தான், உடனே பிடித்துக்கொண்டார். என் இரண்டு கையும் காலி. மைக்குக்கு முன்னால் காகிதத்தை நிறுத்தும் கம்பியைப் பெனடிக்ட் ஒரு மூலையில் ஒதுக்கினான்.

தொடங்கினோம். நரேன் முதலில் விலையைக் குறைத்துக் கேட்டார். மாட்டின் பல்லைப் பார்த்தாயா என்று சண்டைக்குப் போனேன். அவர் விரல் தயங்கியது, என் குரல் தணிந்தது. மிரட்டிப் பார்த்தார். விரலில் மிரட்டல் இல்லை. அதனால் பொதியப்பனும் பயப்படவில்லை, சும்மா சிரித்தான். அந்தச் சிரிப்பு சாருலதா எழுதியதில் இல்லை.

பிறகு அந்த இடம் வந்தது. “மாட்ட விக்கறதுன்னு முடிவு பண்ணிட்டா அதும் மூஞ்சியப் பாக்கக் கூடாது. அதனாலதான் உன்ற மூஞ்சியப் பாத்துட்டிருக்கறேன்” என்றேன். ஆடுபவருக்கு அங்கே மூன்று வழி இருக்கிறது. கூடக் கொடுக்கலாம், திரும்பிப் போகலாம், பேசாமல் நிற்கலாம். நரேன் சீட்டைப் பார்க்கவே இல்லை. பேசாமல் நின்றார். அவர் விரல் என் உள்ளங்கையில் இருந்தது, இறுகவும் இல்லை, நழுவவும் இல்லை. நானும் நின்றேன். பெனடிக்ட் நிறுத்தவில்லை. வாங்குகிறவனுக்கும் மனம் வரவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அப்போதுதான் பொதியப்பனுக்கு மாட்டைக் கொடுக்க மனம் வந்தது.

“கூட்டிட்டுப் போ. மேட்டுல ஏறும்போது மட்டும் வாலப் புடிச்சு இழுக்காதே” என்றேன். காட்சி அத்தோடு முடிகிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிறையப் பேர் நின்றிருந்தார்கள். இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை. பெனடிக்ட் ஸ்பீக்கரில், “தாத்தா” என்றான். “இன்னும் ஒருக்கா எடுக்க வேண்டாம்.”

நான் துண்டை எடுக்கப் போனேன். நரேன் கையை எடுக்கவில்லை. வாயால் ஒன்றும் சொல்லாமல் அஞ்சு விரலையும் சேர்த்து என் கையில் வைத்து அழுத்தினார். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முழுப் பொதியப்பனையும் மெஷினுக்குக் கேட்கிறார்! பாடம் படித்த நாளிலேயே ஆசானிடம் பேரம். எனக்குப் பிடித்திருந்தது. நான் அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினேன். அவர் ஒன்றை மறுபடி நீட்டினார். வாய் மட்டும் வெயிலைப் பற்றியும் பெங்களூர் டிராஃபிக் பற்றியும் பேசிக்கொண்டிருந்தது. சாருலதாவுக்குப் புரிந்துவிட்டது, அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

துண்டுக்கு அடியில் யார் எவ்வளவு இறங்கினார் என்பதை வெளியே சொல்லக்கூடாது. அது சந்தை வழக்கம். எழுதத் தெரிந்தவனுக்கும் அதே வழக்கம்தான். ஆகையால் எழுதவில்லை.

படிந்ததை நரேனே எழுந்து எல்லோருக்கும் சொன்னார். ஆடுபவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது மெஷின். மற்றதெல்லாம் நான். பேரம் முழுவதும் நான்.

“எட்டாம் பாகம்?” என்று பெனடிக்ட் கேட்டான்.

“எட்டு வர்றப்ப எனக்கு எம்பதுதான் ஆயிருக்கும்” என்றேன். நரேன் என்னைப் பார்த்துச் சிரித்தார். அதற்கும் துண்டுக்குள் ஒரு விரல் இருந்தது. அதையும் எழுதமாட்டேன்.

பிப்ரவரி 4, புதன்

இன்று பதிவு. சாருலதாவின் கை. வழக்கம்போல.

பிப்ரவரி 11, புதன்

மாடு விற்கும் காட்சியைப் படத்தோடு பொருத்திவிட்டார்கள், வீட்டில் உள்ளவர்களையும் கூட்டி வாருங்கள் என்று சாருலதா சொன்னாள். பதினெட்டு வருடத்தில் என் சம்சாரம் அங்கே வருவது இதுதான் முதல் தடவை. கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டாள். மூன்று மாடியும் ஏறி முடித்த பிறகு, லிஃப்ட் என்று ஒன்று இருப்பதை நான் சொல்லவில்லை என்று திட்டினாள்.

பெரிய திரையில் பனி. கணவாயில் பொதியப்பன் முதுகைக் காட்டி நின்றான். பக்கத்தில் மயிலை. ஆடுபவர் பெயரை எழுதச் சொல்லிக் கீழே ஒரு கட்டம் இருந்தது.

“நீங்களே எழுதுங்க அப்பாருங்க” என்று சாருலதா எழுத்துப் பலகையைத் தள்ளினாள்.

என் பெயரை எழுதலாம் என்றுதான் கையை வைத்தேன். அப்புறம் வேறு எழுத்தைத் தேடினேன். அது பெரிய பெயரெல்லாம் இல்லை. ஒவ்வொன்றாக அழுத்தினேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் மட்டும் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், படிக்கத் தெரியாதே.

பொதியப்பன் திரும்பினான். என் குரலில் கூப்பிட்டான்.

“வா, பாவாத்தா. நடந்து களச்சுப்போயி வந்திருக்கே. உக்காரு.”

அவள் உட்காரவில்லை. உட்கார்ந்திருந்தவள் எழுந்துவிட்டாள். முந்தானையை இழுத்துச் சரி செய்தாள். திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

“ஏனுங்க, இத்தன வருசமா இந்தப் பேரு உங்களுக்குத் தெரியுமுங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். நரேன் போனில் கேட்டுக்கொண்டிருந்தார், அவர் சிரிப்பும் வந்தது. நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். பிறகு காட்சி ஓடியது. மாட்டை விற்று முடித்ததும் அவள், “நானா இருந்தா குடுத்திருக்க மாட்டேன்” என்றாள். சாருலதா அதை ஒரு மஞ்சள் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினாள்.

திரும்பும்போது உக்கடத்தில் பஸ் ஏறினோம். அவளுக்கு ஜன்னல். காற்றில் முடி பறந்தது. பொள்ளாச்சி ரோடு வந்ததும் நான் மெதுவாக, பக்கத்துச் சீட்டுக்குக் கேட்காமல், “பாவாத்தா” என்றேன். என் வாயால். காகிதம் இல்லாமல், பெட்டி இல்லாமல்.

அவள் வெளியே பார்த்துக்கொண்டே, “பொட்டி இன்னும் நல்லாக் கூப்புட்டுது” என்றாள்.

முதல் விலைக்கு எவரும் மசிவதில்லை. சீட்டில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு பேர் கைக்கும் மேலே போட்டேன். மறுபடி கூப்பிட்டேன்.